அந்தமானில் மலை, காடு, பவளப்பாறை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க: திக்லிபூர் போங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஜனவரியில் ஏழு நாள். நீங்கள், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன், அறுபத்தெட்டு வயது அம்மா. மலை ஏற வேண்டும், காட்டுக்குள் நடக்க வேண்டும், பவளப்பாறை பார்க்க வேண்டும். டிராவல்ஸ்காரர் ஹேவ்லாக் தீவில் மூன்று ராத்திரி, நீல் தீவில் ஒரு ராத்திரி என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். அது சரியா?

கடற்கரை மட்டும் போதும் என்றால் சரிதான். ஆனால் நீங்கள் முதலில் எழுதியது மலை. ஹேவ்லாக்கில் (இப்போது ஸ்வராஜ் தீவு) காடு இருக்கிறது, பவளம் இருக்கிறது. நீங்கள் நினைக்கிற மாதிரி மலை இல்லை. மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் வடக்கு அந்தமானில் திக்லிபூருக்குப் போக வேண்டும். அங்கே சேடில் பீக் தேசியப் பூங்கா இருக்கிறது. சிகரத்தின் உயரம் 732 மீட்டர். ஊட்டி, கொடைக்கானல் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் ஊட்டியில் கார் பாதி மலையை ஏறிக் கொடுத்துவிடும். இங்கே கால் நனையும் கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு மீட்டரையும் நீங்கள்தான் ஏற வேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே இதைவிட உயரமான இடம் கிடையாது.

நான் போர்ட் பிளேரில் (பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது, ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் புரியும்) பத்து வருடம் குடியிருந்தவன். திக்லிபூருக்குப் பல தடவை போயிருக்கிறேன். சேடில் பீக்கில் மூன்று தடவை ஏறி முடித்தேன். நான்காவது ஒன்று உண்டு, அது பாதியில் திரும்பியது. முழுக்க என் முட்டாள்தனம். அதைக் கீழே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய தப்பு அது.

முதலில் நாள் கணக்கு. போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் பார்த்து "ஆறு மணி நேரம்" என்று கணக்குப் போடாதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் ஆகும். போக ஒரு நாள், வர ஒரு நாள் முழுசாகப் போய்விடும். ஆகவே ஏழு நாளை எட்டாக்குங்கள். அப்படியும் ஹேவ்லாக்கை விட்டுவிடுங்கள். இரண்டையும் திணித்தால் பேருந்து ஜன்னலையும் படகுத்துறை வரிசையையும் மட்டும்தான் நன்றாகப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அந்தச் சாலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு அப்பால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. வண்டிகள் தனியாகப் போக முடியாது. குறிப்பிட்ட நேரங்களில் போலீஸ் காவலோடு வரிசையாக விடுவார்கள், முதல் வரிசை காலை ஆறு மணியளவில். அடையாள அட்டை விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் நீட்டக் கூடாது. 1956-ன் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பையனுக்கு இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்: அவர்கள் சாலையோரம் நின்றால் கைகூட ஆட்ட வேண்டாம். அவர்கள் வெளியாட்களோடு தாமாக வந்து பழக ஆரம்பித்ததே 1990-களின் கடைசியில்தான். 1999-லேயே அவர்களிடம் தட்டம்மை பரவியது. நமக்கு ஒரு வாரக் காய்ச்சல், அவர்களுக்கு அப்படியில்லை. இந்தச் சாலையை மூடச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது; இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் போவது சரியா என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு. திக்லிபூரை ஒட்டிய ஏரியல் பே துறைமுகத்துக்கு அரசுக் கப்பல் கிடைக்கும் தேதியாக இருந்தால் அதையே எடுங்கள் என்பேன். ஆனால் கப்பல் கால அட்டவணை தள்ளிப்போவது அங்கே சகஜம். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் கப்பலை நம்பி இருக்க வேண்டாம்.

சாலையில் போனால் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பேருந்தோடு நீங்களும் ஒரு மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடப்பீர்கள். பையன் இதை மறக்க மாட்டான். அம்மாவுக்குத் தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்றால் வழியில் ரங்கத் என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்குங்கள். அங்கே தானிநல்லாவில் அலையாத்திக் காட்டுக்குள் எழுநூறு மீட்டர் நீளத்துக்கு மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். படி கிடையாது, அம்மா தாராளமாக நடப்பார்கள்.

இனி சேடில் பீக். திக்லிபூர் ஊரிலிருந்து கலிபூர் கடற்கரை தாண்டி லாமியா பே என்ற இடத்தில் வனத்துறைச் சாவடி. அங்கே பதிவு செய்து, கட்டணம் கட்டி, வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "பாதை தெளிவாகத்தானே இருக்கிறது, ஆள் எதற்கு?" என்று கேட்காதீர்கள். மழைக்காலத்தில் விழுந்த மரம் பாதையை மூடியிருந்தால், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒரு பக்கத்துக்கு எட்டு கிலோமீட்டர் அளவில் இருக்கும். ஆரம்பத்தில் கடற்கரையை ஒட்டியே நடை. மணல் கொஞ்சம்தான், பெரும்பாலும் உருண்டைக் கற்கள், கணுக்காலை மடக்கிவிடும். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் குறுக்கே தாண்டிப் போவீர்கள். அதில் ஒன்றில் நின்று தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும். வருடத்துக்கு மூன்றாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டுகிற மலை, அடிவாரத்தில் சேறே இல்லாத தண்ணீரைக் கடலுக்கு அனுப்புகிறது. காடு மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால்தான். காட்டை வெட்டினால் அடுத்த மழையிலேயே செம்மண் கரைந்து கடலில் இறங்கும்; வெளிச்சம் இல்லாமல், மேலே சேறு படிந்து பவளம் செத்துப்போகும். நீங்கள் அடுத்த நாள் முகமூடி போட்டுப் பார்க்கப்போகிற பாறையின் கதை இந்த ஓடையில்தான் ஆரம்பிக்கிறது. அதனால்தான் மலையை முதலிலும் கடலை அடுத்தும் வைக்கச் சொல்கிறேன்.

கடற்கரையை விட்டு உள்ளே திரும்பினதும் ஏற்றம். கர்ஜன் மரங்கள் பலகை வேரை விரித்துக்கொண்டு நேராக மேலே போகும். கழுத்து வலிக்கிறவரை அண்ணாந்தாலும் உச்சி தெரியாது. பதௌக் மரமும் உண்டு, அந்தமானின் மாநில மரம் அதுதான். பிரம்பும் கொடி மூங்கிலும் சட்டையைப் பிடித்து இழுக்கும். இந்தக் காட்டில் புலி, சிறுத்தை, கரடி எதுவும் கிடையாது. அந்தமானில் இயற்கையாகக் குரங்குகூட இல்லை. ஆகையால் முதுமலைக்குப் போகிற மனநிலையில் போனால் ஏமாற்றம்தான். இங்கே பார்க்க வேண்டியது பறவை. அந்தமான் மரப்புறா, கறுத்த அந்தமான் மரங்கொத்தி, அந்தமான் பாம்புப் பருந்து என்று இந்தத் தீவுக்கூட்டத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனங்கள். மரங்கொத்தி தட்டுகிற சத்தம் ஆள் கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கும். அசையாமல் நின்றால் பையனே கண்டுபிடித்துவிடுவான்.

அந்தமானில் எங்காவது புள்ளிமான் கண்ணில் பட்டால் சந்தோஷப்பட வேண்டாம். அது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. பிடித்துத் தின்ன ஒரு மிருகமும் இல்லாததால் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகளை இன்டர்வியூ தீவில் விட்டுப்போன கதையும் இதே மாதிரிதான்.

இப்போது அந்தப் பாதியில் திரும்பின நாள். ஒரு டிசம்பர் மாதம். காலையில் ரொட்டி, ஆம்லெட், இரண்டாவது டீ என்று சாவகாசமாக முடித்து ஒன்பது மணிக்குச் சாவடியில் போய் நின்றோம். சாவடியில் இருந்தவர் நேரமாகிவிட்டது என்றார். நான் கெஞ்சி அனுமதி வாங்கினேன். இரண்டு மணிக்கும் உச்சி வரவில்லை. வழிகாட்டிப் பையன் நின்று, "சார், திரும்பலாம்" என்றான். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவன் வானத்தைக் காட்டினான். திரும்பினோம், கடைசி இரண்டு கிலோமீட்டர் அந்த உருண்டைக் கற்கள்மேல் செல்போன் வெளிச்சத்தில் தடவிக்கொண்டு வந்தோம்.

விஷயம் இதுதான். திக்லிபூர் சென்னைக்கு நேர் கிழக்கே, கிட்டத்தட்ட அதே அட்சரேகையில் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு டிகிரிக்கும் மேல் கிழக்கே தள்ளி. கடிகாரம் மட்டும் ஒன்று. அதனால் அங்கே சூரியன் நம்மைவிட ஐம்பது நிமிடம் முன்னால் வந்து ஐம்பது நிமிடம் முன்னால் போய்விடும். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே அஸ்தமனம்; உங்கள் ஜனவரியில் ஐந்திலிருந்து ஐந்தேகாலுக்குள் என்று வையுங்கள். மரத்தடியில் அதற்கு அரை மணி முன்பே இருட்டு. ஏறி இறங்க ஏழு எட்டு மணி நேரம். ஆகவே காலை ஆறு மணிக்குச் சாவடியில் நிற்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள், உச்சி நூறு அடியில் தெரிந்தாலும் சரி. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, நெற்றியில் கட்டும் டார்ச். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. மூன்று தடவையில் எனக்கு ஒரு தடவைதான் கடல் தெரிந்தது. பையன் பள்ளியில் ஓடி விளையாடுகிறவன் என்றால் ஏறிவிடுவான். அம்மா அன்றைக்குக் கலிபூர் கடற்கரையில் உட்காரட்டும். கடற்கரைக்கு எதிரிலேயே அரசு விடுதி இருக்கிறது, அங்கே அறை போட்டால் அலைச்சல் மிச்சம்.

கலிபூரில் தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஆமை. பங்குனி ஆமை, பச்சை ஆமை, அழுங்காமை, தோணி ஆமை என்று நான்கு இனமும் முட்டையிட வருகிற கடற்கரை அது. அதிகம் வருவது பங்குனி ஆமைதான். உங்கள் ஜனவரி அதற்கான பருவம். வனத்துறையின் குஞ்சுபொரிப்பகம் அங்கேயே இருக்கிறது. ராத்திரி அவர்களோடுதான் போக வேண்டும்; டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது. கரையேறுகிற ஆமை வெளிச்சம் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை நடைக்குப் போயிருந்தால் உங்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

அடுத்த நாள் ராஸ் - ஸ்மித் தீவுகள். (போர்ட் பிளேருக்கு எதிரே இடிந்த கட்டடங்களோடு இருந்த ராஸ் தீவு வேறு, அது இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.) ஏரியல் பே படகுத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கி, அரை மணி நேரப் படகு. இரண்டு தீவுக்கும் நடுவே வெள்ளை மணல்திட்டு; தண்ணீர் வற்றினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகலாம், ஏறினால் மூழ்கிவிடும். இங்கே எல்லாமே வற்றம், ஏற்றம்தான். வற்றும் நேரம் தினமும் ஐம்பது நிமிடம் அளவில் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் நிறைய வற்றும், நிறைய ஏறும். அஷ்டமி நவமி பக்கம் இரண்டுமே குறைவு. வீட்டில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்த்தாலே இது பாதி புரிந்துவிடும். மீதியைப் படகுக்காரரிடம் முந்தின நாள் மாலையே கேளுங்கள். அங்கே சின்னப் படகை டுங்கி என்பார்கள். "நாளைக்கு வற்றம் எத்தனை மணிக்கு?" என்று இந்தியில் கேட்கத் தெரிந்தால் போதும். திக்லிபூரில் பெரும்பாலோர் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்கள். போர்ட் பிளேரில் தமிழிலேயே சமாளித்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் தீவுகளில் வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேர் பேசும் மொழி தமிழ்தான்.

திட்டின் ஓரத்தில் முகமூடியும் சுவாசக் குழலும் போட்டுப் படுத்தால் மான்கொம்புப் பவளம், மூளைப் பவளம், வாயைத் திறந்து மூடுகிற பெரிய சிப்பி எல்லாம் தெரியும். கூடவே சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிகளாகக் கிடக்கும் பவளமும் தெரியும். அதை மறைக்க விரும்பவில்லை. 1998, 2010, 2016 வருடங்களில் கடல் சூடேறி அந்தமான் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. சில இடங்களில் மீண்டிருக்கிறது, சில இடங்களில் இல்லை.

2004 டிசம்பர் 26 நில நடுக்கத்தையும் இங்கேதான் கண்ணால் பார்க்கலாம். அந்தமான் என்பதே பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கிச் சுமத்ராவை நோக்கிப் போகிற வழியில் தலை நீட்டிய பகுதிதான். கீழே ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழைகிறது. அது நெம்பியதால்தான் கடலுக்கு நடுவே மலை. அன்றைக்கு அந்த நெம்பலில் தீவுக்கூட்டமே சாய்ந்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, உயிரோடிருந்த பவளப்பாறை வெயிலில் காய்ந்து செத்தது. தெற்கே போர்ட் பிளேர் பக்கம் ஒரு மீட்டர் அளவில் தாழ்ந்து, வயலுக்குள் கடல் வந்தது. சிப்பிகாட் பக்கம் போனால் முன்பு நெல் விளைந்த இடத்தில் உப்புத்தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம்.

வண்டூர் கடற்கரையில் பட்ட மரங்கள் நிற்பதும் அதனால்தான். வண்டூரைத்தான் அம்மாவுக்காகப் பயணத்தின் இரண்டாம் நாளில் வைக்கச் சொல்வேன். அங்கேதான் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, 1983-ல் அறிவித்தது, பதினைந்து தீவுகள், 281 சதுர கிலோமீட்டர். போர்ட் பிளேரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். ஜனவரியில் ஜாலி பாய் தீவு திறந்திருக்கும். கண்ணாடி அடித்தளப் படகு உண்டு, அம்மா நனையாமலே பவளம் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. அனுமதியை முன்கூட்டி வாங்குங்கள். திங்கட்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக்கை உள்ளே விட மாட்டார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், டிபன் பாக்ஸில் புளிச்சாதம். நம் வீட்டுப் பழக்கத்துக்கு இது ஒரு கஷ்டமே இல்லை.

பவளத்தின்மேல் நிற்க வேண்டாம். துண்டு எதையும் பையில் போட வேண்டாம், கரையில் செத்துக் கிடப்பதையும்தான். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே. விமான நிலைய ஸ்கேனரில் பிடிபட்டு, பிள்ளைகள் முன்னால் பெட்டியைக் கொட்டிக் காட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

முதலை. சிரிக்காதீர்கள். உப்புநீர் முதலை அங்கே உண்மையிலேயே உண்டு. கழிமுகம், அலையாத்திக் காட்டு ஓரம், கலங்கின தண்ணீர் இவைதான் அதன் இடம். 2010-ல் ஹேவ்லாக்கிலேயே கடலில் இறங்கிய ஒரு வெளிநாட்டுப் பயணி இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். பலகை இல்லாவிட்டாலும் உள்ளூர்க்காரர் குளிக்காத இடத்தில் குளிக்க வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்: ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், திக்லிபூரில் ஏடிஎம்மை முழுசாக நம்ப முடியாது. 2020-ல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு இணையம் தேவலாம், வழியில் பல இடத்தில் சிக்னல் கிடையாது. மணல் ஈ கடித்தால் சொறியாதீர்கள், புண்ணாகிவிடும். கடற்கரைக்குப் போகும்முன் காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது அங்கே எல்லோரும் செய்வது. ஜனவரியில் அட்டை குறைவு, ஆனாலும் காலுறையைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்து விடுங்கள். அம்மாவின் மாத்திரைகளைப் பத்து நாளுக்குச் சேர்த்தே எடுங்கள்.

ஆக, முதல் நாள் போர்ட் பிளேர், இரண்டாம் நாள் வண்டூர், மூன்றாம் நாள் சாலை, நான்காம் நாள் ஓய்வும் ஆமையும், ஐந்தாம் நாள் சேடில் பீக், ஆறாம் நாள் ராஸ் - ஸ்மித், ஏழாம் நாள் திரும்புகிற சாலை, எட்டாம் நாள் விமானம். விமான டிக்கெட் தேதி முடிவானதும் எழுதுங்கள். இரண்டாம் நாள் திங்கட்கிழமையில் விழுகிறதா, ஆறாம் நாள் என்ன திதி என்று பார்த்துவிட்டு மலையையும் தீவையும் முன்னே பின்னே மாற்றித் தருகிறேன்.